உங்களுக்குத் தெரியுமா? 'பிடிக்கலை' ஸ்பெஷல்!

சீனர் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே 'வோ தாவ்யென் நீ' என்கிறாரா? கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். 'நீ' என்றால் நீயேதான்! சீனத்திலும் அதே சொல், அதே பொருள்! முழு வாக்கியத்துக்கு அர்த்தம்: 'உன்னைக் கண்டாலே எனக்கு ஆகாது'!

அந்த 'நீ'க்கு மரியாதை வடிவம் 'நின்'! நம் பழந்தமிழில் 'உன்' என்பதும் 'நின்'! இரண்டு மொழிக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சும்மா தற்செயல், நம்புங்கள்!

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில். ஆற்றில் குளித்துக்கொண்டே காதைத் தீட்டுங்கள்! தமிழ்க்காரர் 'எனக்குப் பிடிக்கலை' என்பார். உள்ளூர் ராஜுக்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு: 'நாக்கு நச்சலேது'! (இந்த 'நாக்கு' வாய்க்குள் இருப்பது அல்ல, 'எனக்கு'!) மலை தாண்டினால் கேரளம்: 'எனிக்கு இஷ்டமல்ல'! மூன்று மொழி, ஒன்றிலாவது 'நான்' உண்டா? கிடையாது! எல்லாமே 'எனக்கு'!

ஆங்கிலத்தில் 'ஐ ஹேட் யூ'. சீனத்தில் 'வோ தாவ்யென் நீ'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை! சீன மாணவர் அப்படியே பெயர்த்து வைத்தால் போதும். நாமோ 'எனக்கு'வை 'நான்' ஆக்கி, வினையைக் கடைசியிலிருந்து நடுவுக்கு இழுத்து வரவேண்டும்! சிங்கப்பூரில் இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே ஆங்கில வகுப்பில்! அங்கே ஆட்சிமொழிகள் 4!

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பிடிக்கும். சளியும் பிடிக்கும். பேயும் பிடிக்கும்! ஒரே வினைச்சொல்!

அருவருப்புக்குத் தொல்காப்பியம் தரும் பெயர் 'இளிவரல்'. எட்டு மெய்ப்பாடுகளில் அதற்கு மூன்றாவது இடம்! பிறக்கும் இடங்கள் 4: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை!

உலகமே ஒதுக்கிவைத்த நாட்டுக்கு ஆங்கிலப் பத்திரிகைகள் சூட்டும் பெயர் 'பரையா'. பறையிலிருந்து பிறந்த தமிழ்ச்சொல்! பறை கொட்டியவர்களின் பெயரையே வசவாக்கிக் கப்பலேற்றியிருக்கிறோம். இந்த ஒன்றில் மட்டும் எனக்குப் பெருமை இல்லை.

சீனத்தில் 'ஹென்' என்றால் 'ரொம்ப'. அதே 'ஹென்' என்றால் 'வெறுப்பு'! குரலைத் தழைத்தால் ரொம்ப, சட்டென்று மேலிருந்து கீழே இறக்கினால் வெறுப்பு! இப்படிக் குரல் ஏற்ற இறக்கங்கள் மாண்டரினில் மொத்தம் 4!