54 சென்டிமீட்டர் பிசகு!

ரைன் நதியின் ஒரு கரையில் ஜெர்மனி. மறு கரையில் சுவிட்சர்லாந்து. இரண்டு கரையிலும் லாஃபென்பர்க் என்ற ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். இவற்றை இணைக்க ஒரு புதிய பாலம் கட்டினார்கள்.

2003-ம் ஆண்டில், வேலை நடந்துகொண்டிருந்தபோது அளந்து பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். இரு கரைக்கும் உயரத்தில் 54 சென்டிமீட்டர் வித்தியாசம்!

காரணம் என்ன? உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். ஆனால் எந்தக் கடல்? ஜெர்மனியின் கணக்கு ஆம்ஸ்டர்டாமை ஒட்டியது. சுவிட்சர்லாந்தின் கணக்கோ மத்தியதரைக் கடலோரம் உள்ள மார்செய் நகரை ஒட்டியது. இரண்டுக்கும் 27 சென்டிமீட்டர் பேதம்.

இது நிபுணர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் திருத்தினார்கள். ஆனால் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்துவிட்டார்கள்! பிசகு இரட்டிப்பாகிவிட்டது. பிறகு அதைச் சரிசெய்து, 2004 டிசம்பரில் பாலத்தைத் திறந்தார்கள்.

விஷத்துக்கு எல்லை ஏது?

பாலத்தில் நேர்ந்த பிசகு கண்ணுக்குத் தெரிந்தது. நதியின் கணக்கில் நேர்ந்தால்?

1986 நவம்பர் 1-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்கு அருகே ஒரு ரசாயனக் கிடங்கு தீப்பிடித்தது. தீயை அணைக்க இறைத்த தண்ணீரோடு விஷமும் ரைனில் கலந்தது. ஆறு சிவப்பாக ஓடியது. விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. அந்த நீர் பிரான்சு, ஜெர்மனி, நெதர்லாந்து என்று எல்லை பாராமல் போயிற்று.

விஷத்துக்கும் வெள்ளத்துக்கும் எல்லை கிடையாது. ஆனால் வரைபடங்களுக்கு உண்டு! ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அளவு, தனி மொழி. காடு எது, சதுப்பு நிலம் எது என்பதில்கூட ஆளுக்கொரு கணக்கு. வெள்ளக் காலத்தில் 27 சென்டிமீட்டர் சாமானியமா? வாசற்படியோடு நின்ற தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிடும்!

ஒரே படி

இதற்காக ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் செய்தது. 'இன்ஸ்பயர்' என்ற அந்தச் சட்டம் 2007 மே 15-ல் அமுலுக்கு வந்தது. ஆறு, மண், உயரம், நிலப் பயன்பாடு என்று 34 வகைத் தகவல்கள் அதில் அடங்கும்.

எல்லாவற்றையும் ஒரே கிடங்கில் கொண்டுவந்து குவிப்பது அதன் நோக்கமல்ல. அந்தந்த இலாகாவின் தகவல் அந்தந்த இலாகாவிலேயே இருக்கும். ஆனால் யார் கேட்டாலும், எல்லோருக்கும் புரியும் பொது வடிவில், கம்ப்யூட்டர் வலை மூலம் கொடுக்க வேண்டும்.

நெல் அவரவர் குதிரிலேயே இருக்கட்டும்; அளக்கும் படி மட்டும் ஒன்றாக இருக்கட்டும் என்பது போல!

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தகவலைப் பற்றிய தகவலும் கூடவே வர வேண்டும். அது எப்படித் திரட்டப்பட்டது? எவ்வளவு நம்பலாம்? யார் பொறுப்பு? இவ்வளவும் குறித்திருக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் சேராத நாடு. இந்தச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் லாஃபென்பர்க் கற்பித்த பாடம் எல்லா நாட்டுக்கும் பொது. எவ்வளவு என்று சொன்னால் மட்டும் போதாது. எங்கிருந்து அளந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும்!