வியாழக்கிழமை விருந்து, வெள்ளிக்கிழமை பீட்ஸா!

விருந்து முடிந்த மறுநாள் காலையில் ஒரு வீட்டின் சமையற்கட்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரங்கள் மலைபோல் குவிந்திருக்கும். சமைத்தவர்களுக்கு இடுப்பு வலி தீர்ந்திராது. மூடி வைத்த ஒவ்வொரு பாத்திரத்திலும் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும். கொட்டுவதற்கு மனம் வராது. மறுபடியும் அதையே பரிமாறினாலோ, "நேற்றுச் சாப்பிட்டதுதானே?" என்று ஒரு குரல் கேட்கும். அந்தக் குரல் பெரும்பாலும் ஒரு துரும்பையும் நகர்த்தாதவருடைய குரலாகத்தான் இருக்கும்!

இந்தச் சங்கடம் ஒரு தேசம் முழுவதற்கும் ஒரே நாளில் வந்தால்? அமெரிக்காவில் வருஷந் தவறாமல் வருகிறது. நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை அவர்களுக்குத் 'தாங்க்ஸ்கிவிங்' திருநாள். அதாவது நன்றி சொல்லும் நாள். எங்கெங்கோ வேலையில் இருக்கும் பிள்ளைகளும் பெண்களும் அன்று ஊர் திரும்பி ஒரே மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். நடுநாயகமாக 15 ராத்தல், அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடையுள்ள வான்கோழி ஒன்று முழுசாக வறுபட்டு வீற்றிருக்கும். அதைச் சுற்றிப் பரிவாரங்கள்: மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி என்னும் குழம்பு, ரொட்டித் துண்டு, வெங்காயம், செலரி, ஸேஜ் என்ற வாசனை இலை எல்லாம் சேர்த்த 'ஸ்டஃபிங்', சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பீன்ஸ், புளிப்பும் இனிப்புமான கிரான்பெர்ரி ஸாஸ், கடைசியில் பரங்கிக்காய்ப் 'பை'.

ஆறு பேர் சாப்பிட உட்கார்ந்தால் பன்னிரண்டு பேருக்குக் காணும். மிச்சத்தை என்ன செய்வது? வெள்ளிக்கிழமை சாண்ட்விச், சனிக்கிழமை சூப், ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சாண்ட்விச் என்று காலம் தள்ளுவது பழைய வழக்கம். அண்மைக் காலத்தில் அங்குள்ள இல்லத்தரசிகள் சிலர் வேறொரு வழி பிடித்திருக்கிறார்கள். மிஞ்சியவற்றையெல்லாம் பீட்ஸாவின் தலையில் ஏற்றிவிடுகிறார்கள்!

பட்டியல் யார் போட்டது?

"அடடா! பாரம்பரிய விருந்தை இப்படிக் கலைக்கலாமா?" என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பாரம்பரியத்தைச் சற்றுக் கிளறிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது.

1621-ஆம் ஆண்டு, பிளிமத் என்ற இடத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் முதல் அறுவடையைக் கொண்டாடினார்கள். அந்த மண்ணுக்கு உரியவர்களான வாம்பனோவாக் மக்கள் ஏறக்குறைய தொண்ணூறு பேர் அந்த விருந்தில் கலந்துகொண்டு, ஐந்து மான்களையும் வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். விருந்து மூன்று நாள் நடந்தது. எட்வர்டு வின்ஸ்லோ என்பவர் எழுதிய கடிதத்தில் இந்த விவரம் இருக்கிறது. பறவைக் கறி உண்டு என்கிறாரே ஒழிய, வான்கோழி என்று குறிப்பிடவில்லை. அன்று அங்கே உருளைக்கிழங்கு கிடையாது. கிரான்பெர்ரியைப் பாகு காய்ச்சச் சர்க்கரைக்கு எங்கே போவது? 'பை' சுடுவதற்குக் கோதுமை மாவுக்கும் திண்டாட்டம். விருந்துக்கு மான் கொண்டுவந்தவர்களின் நிலத்தைப் பின்னாளில் வந்தவர்கள் பறித்துக்கொண்டது தனிக் கதை. அதை நினைவுகூர்ந்து, பழங்குடி மக்களில் பலர் 1970 முதல் இதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்க நாள் அனுசரிக்கிறார்கள்.

தேசம் முழுவதற்குமான பண்டிகையாக இது உருவானதற்கு ஒரு பத்திரிகாசிரியை காரணம் என்றால் நமக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. ஸாரா ஜோஸஃபா ஹேல் என்ற அந்த அம்மாள் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மாதர் பத்திரிகையை நடத்தியவர். 1840-களிலிருந்து கவர்னர்களுக்கும் ஜனாதிபதிகளுக்கும் விடாமல் கடிதம் எழுதி, தம் பத்திரிகையிலும் எழுதித் தள்ளினார். கடைசியில் 1863-இல், உள்நாட்டுப் போர் மும்முரமாக இருந்த சமயத்தில், ஆபிரகாம் லிங்கன் நன்றி நாளைப் பிரகடனம் செய்தார். வான்கோழியும் பரங்கிக்காய்ப் 'பை'யும் அமெரிக்க வீடுகளில் நிலைபெற்றதில் அந்த நூற்றாண்டின் பத்திரிகைகளுக்கும் சமையல் புத்தகங்களுக்கும் பெரும் பங்கு உண்டு. காளான் சூப் ஊற்றிச் செய்யும் பீன்ஸ் பதார்த்தமோ இன்னும் இளையது. 1955-இல் காம்ப்பெல் சூப் கம்பெனியின் சமையற்கூடத்தில் டார்கஸ் ரைலி என்ற பெண்மணியும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது அது.

ஆக, இந்தப் பட்டியல் அந்தந்தக் காலத்துப் பெண்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு எழுதியது. அதன் அடியில் இன்னும் ஒரு வரி சேர்த்தால் யார் கோபித்துக்கொள்ளப் போகிறார்கள்?

பீட்ஸாவின் பெருந்தன்மை

பீட்ஸாவும் இந்த விஷயத்தில் சளைத்ததல்ல. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துத் தெருக்களில், காசில்லாத ஏழைத் தொழிலாளி வாங்கித் தின்ற பண்டம் அது. மாவைத் தட்டி, கிடைத்ததை மேலே தூவிச் சுட்டார்கள். குடியேறிய இத்தாலியர்களுடன் கப்பல் ஏறி அமெரிக்காவுக்கு வந்தது. வந்த இடத்தில் யாரையும் அது வேண்டாம் என்று தள்ளவில்லை. கனடாவில் சாம் பனோபுலோஸ் என்ற கிரேக்கர் 1962-இல் அதன்மேல் அன்னாசிப் பழத்தை வைத்தார். இன்றுவரை அதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை! 1982-இல் கலிபோர்னியாவில் 'ஸ்பாகோ' என்ற உணவு விடுதியைத் திறந்த உல்ஃப்கேங் பக், புகையூட்டிய ஸால்மன் மீனை வைத்துப் பேர் வாங்கினார். நியூ ஹேவன் நகரத்திலோ மசித்த உருளைக்கிழங்கு பீட்ஸாவே பிரசித்தம். உருளைக்கிழங்குக்கு இடம் கொடுத்த பீட்ஸா வான்கோழிக்குக் கொடுக்காதா?

ருசியின் கணக்கு

ஆனால் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டினால் பீட்ஸா ஆகிவிடாது. குப்பைக் கூடைதான் ஆகும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது.

நன்றி நாள் விருந்தில் பெரும்பாலானவை மிருதுவானவை, கனமானவை, வெண்ணெய் மணப்பவை. ஒன்றோடொன்று சேர்ந்தால் திகட்டும். எனவே புளிப்பு ஒன்றும் மொறுமொறுப்பு ஒன்றும் அவசியம். புளிப்புக்குக் கிரான்பெர்ரி; மொறுமொறுப்புக்கு வறுத்த வெங்காயமோ, உதிர்த்த ஸ்டஃபிங்கோ, பீகான் பருப்போ. இரண்டாவது விதி: ஈரமான பொருள் ஒன்றுக்கு மேல் கூடாது. கிரேவி தடவினால் தக்காளி ஸாஸ் வேண்டாம். இல்லாவிட்டால் அடிமாவு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். மூன்றாவது: எல்லாம் ஏற்கனவே வெந்த பண்டங்கள். அடுப்பில் நெடுநேரம் இருந்தால் காய்ந்து சக்கையாகும். அதனால் நல்ல சூட்டில், சீக்கிரம் சுட்டு எடுக்க வேண்டும்.

மாவுக்கு: 3 கப் மைதா, 1 டீஸ்பூன் ஈஸ்ட், 1½ டீஸ்பூன் உப்பு, 1 மேஜைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், ஒரு கப்புக்குச் சற்று அதிகமான வெதுவெதுப்பான நீர். நன்றாகப் பிசைந்து மூடி வைத்தால் ஒன்றரை மணியில் இரண்டு மடங்காகப் பொங்கும். 12 அங்குல பீட்ஸா இரண்டு செய்யலாம். ஓவன் அடுப்பை 500 டிகிரி பாரன்ஹீட்டில் (260 டிகிரி சென்டிகிரேட்), தட்டையும் உள்ளே வைத்து, அரை மணி நேரம் காய விடுங்கள். சுடுவதற்கு ஏறக்குறைய பத்து நிமிஷம் போதும்.

ஐந்து வகை

வான்கோழி பீட்ஸா: கெட்டியான கிரேவியை மாவின் மேல் மெல்லிசாகத் தடவுங்கள். வான்கோழியை நார் நாராகப் பிய்த்து, அதையும் ஒரு கரண்டி கிரேவியில் புரட்டிப் பரப்புங்கள். வறண்டு போகாமல் இருக்க இதுதான் உபாயம். மேலே மோட்ஸரெல்லா சீஸ், உதிர்த்த ஸ்டஃபிங். சுட்டு எடுத்த பிறகு கிரான்பெர்ரி ஸாஸை அங்கங்கே பொட்டு வைத்தாற்போல் வையுங்கள். முன்பே வைத்தால் அதிலுள்ள சர்க்கரை கருகிவிடும்.

உருளைக்கிழங்கு பீட்ஸா: மசித்த கிழங்கைக் கொஞ்சம் பால் விட்டு இளக்கித் தடவி, நசுக்கிய பூண்டும் சீஸும் தூவிச் சுடுங்கள். குட்டி முட்டைக்கோஸ் போன்ற பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட்ஸ் மிஞ்சியிருந்தால் மெல்லிசாக அரிந்து மேலே போடலாம். ஓரம் கருகினால் இன்னும் விசேஷம்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு பீட்ஸா: புலால் உண்ணாதவர்களுக்கு ஏற்றது. கிழங்கு வில்லைகள், பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், ஆட்டுப்பால் சீஸ், நாலு ஸேஜ் இலை. கிழங்கின் இனிப்பும் சீஸின் உப்பும் புளிப்பும் நன்றாக இணங்கும். விருந்தில் கிழங்கின் மேல் மார்ஷ்மெல்லோ மிட்டாய் போட்டிருந்தால் அதை வழித்து எடுத்துவிடுங்கள்.

பீன்ஸ் பீட்ஸா: டார்கஸ் அம்மாளின் பதார்த்தத்தை அப்படியே பரப்பலாம். காளான் சூப்பே ஸாஸ். வறுத்த வெங்காயத்தைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் தூவுங்கள்.

ஸ்டஃபிங் பீட்ஸா: மாவு பிசைய அலுப்பாக இருக்கிறதா? மூன்று கப் ஸ்டஃபிங்கில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, எண்ணெய் தடவிய தட்டில் அடை போல் தட்டி, 400 டிகிரி பாரன்ஹீட்டில் இருபது நிமிஷம் மொறுமொறுப்பாகும்வரை சுடுங்கள். அதுவே அடித்தளம். மேலே வான்கோழியும் சீஸும் வைத்து இன்னும் பத்து நிமிஷம்.

பரங்கிக்காய்ப் 'பை'க்காக வாங்கிய விழுது டப்பாவில் மிஞ்சியிருந்தால், கிரீம் சீஸ், சர்க்கரை, லவங்கப்பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, சுக்குப் பொடி கலந்து தடவிச் சுட்டு, பீகான் பருப்பைத் தூவினால் இனிப்புப் பீட்ஸாவும் தயார்.

அவசியமான ஓர் எச்சரிக்கை

மிச்சத்தைக் காப்பாற்றுகிறேன் என்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. பரிமாறிய பண்டங்கள் இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்ப் பெட்டிக்குப் போய்விட வேண்டும் என்று அமெரிக்க விவசாய இலாகா சொல்கிறது. வான்கோழியை முழுசாகத் திணிக்காமல், சதையை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத பாத்திரங்களில் வையுங்கள், சீக்கிரம் குளிரும். மூன்று நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். மீண்டும் சூடு செய்யும்போது நடுவிலும் 165 டிகிரி பாரன்ஹீட் (74 டிகிரி சென்டிகிரேட்) சூடு ஏற வேண்டும். கிரேவியைத் தளதளவென்று கொதிக்க வைத்த பிறகே தடவுங்கள். விருந்தன்று மாலைவரை மேஜையிலேயே கிடந்ததை மட்டும் தயவு தாட்சண்யம் இல்லாமல் எறிந்துவிடுங்கள்.

யாருக்கு நன்றி?

அமெரிக்காவில் உணவுப் பொருள்களில் 30 முதல் 40 சதவிகிதம் வரை வீணாகிறது என்று அதே விவசாய இலாகா மதிப்பிட்டிருக்கிறது. பஞ்சமில்லாத தேசம், அதனால்தானோ என்னவோ கை தாராளம். ஆனால் வீணாவது வெறும் வான்கோழியும் கிழங்கும் மட்டுமா? செவ்வாய்க்கிழமையே பட்டியல் போட்டு, புதன்கிழமை முழுதும் நறுக்கி, வியாழக்கிழமை விடியற்காலையில் எழுந்து அடுப்பை மூட்டிய ஒருத்தியின் உழைப்பும் அதோடு சேர்ந்து போகிறது. இட்லி மிஞ்சினால் உப்புமாவாக உதிர்க்கத் தெரிந்த நம் வீட்டுப் பெண்களுக்கு அந்த வலி நன்றாகவே புரியும்.

இந்தப் பீட்ஸாவில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் ருசிகூட இல்லை; அதைச் செய்யும் விதம்தான். வறுப்பதும் வேகவைப்பதும் முன்பே முடிந்துவிட்டன. பண்டங்களைச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். ஆளுக்கொரு மாவு உருண்டை. பேரன் சீஸை மட்டும் அள்ளி அள்ளிப் போடுவான். தாத்தா கிரான்பெர்ரியை எண்ணி எண்ணி வைப்பார். "நேற்றுச் சாப்பிட்டதுதானே?" என்று கேட்ட மகானுபாவரின் கையிலும் ஓர் உருண்டை மாவைக் கொடுத்துவிடலாம். தாமே தட்டிச் சுட்டதைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

சமைத்தவள் அன்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரட்டும். முதல் துண்டு அவளுக்குப் போகட்டும்.