கட்டாக்கில் தகுதி, டெல்லியில் ஆட்டம்

மரக்காணம் பக்கத்துக் கடலோர ஊரான எக்கியார்குப்பத்தின் பெயர் நாடு முழுக்கப் பத்திரிகைகளில் அடிபட்டது 2023 மே மாதம், கள்ளச்சாராயச் சாவுகளால். அடுத்த மாதமே தமிழ்நாட்டுப் பெண்கள் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என வென்று, தேசிய சீனியர் கால்பந்துப் பட்டத்தை இரண்டாம் முறை தட்டி வந்தார்கள். அதை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

அந்தப் பட்டத்துக்கு முன்கதை உண்டு. அதில் ஒரு பொறியியல் கல்லூரியும் வருகிறது. சுங்குவார்சத்திரம் பக்கம் குன்னத்தில் இருக்கும் ஜேப்பியார் தொழில்நுட்பக் கல்லூரி. நிறுவனர் ஜேப்பியார் 2016 ஜூனில் காலமானார். அந்த அக்டோபரில் கட்டாக்கில் நடந்த இந்திய மகளிர் லீக் தகுதிச் சுற்றில் கல்லூரியின் பெண்கள் அணி தேறியது. 2017 ஜனவரியில் டெல்லி அம்பேத்கர் மைதானத்தில் அந்த முதல் லீக் தொடங்கியபோது, களத்தில் இருந்தவை மொத்தமே 6 அணிகள். ஐஸ்வாலும் புனே சிட்டியும் நேரடியாக வந்தவை. ஜேப்பியார் அணி ஆடி ஜெயித்து வந்தது. கோப்பை மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியனுக்குப் போனது, போகட்டும்.

ஒரு கல்லூரி அணிக்கு முதல் மேடை எவ்வளவு பெரிது என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கல்லூரிக் கால்பந்து என்றால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் வேறு ஆட்டம். பொதுவாக 6 ஆட்டங்கள் வென்ற கல்லூரிக்குப் பருவ முடிவில் ‘பவுல்’ போட்டிக்கு அழைப்பு வரும். முதல் அழைப்பு என்றால் ஊரே திருவிழா. 1902-இல் நடந்த முதல் ரோஸ் பவுலில் மிச்சிகன் 49 புள்ளி எடுத்தது; ஸ்டான்போர்டு ஒன்றுகூட எடுக்காமல், 8 நிமிடம் மிச்சமிருக்கும்போதே ‘போதும்’ என்று விலகிக்கொண்டது. முதல் மேடையில் அடி வாங்குவது புதிதல்ல. மேடை ஏறினார்களா என்பதுதான் கேள்வி.

ஏறிய பிறகு வழி திறந்துகொண்டது. 2018-இல் ஷில்லாங்கில் 7 அணிகள் மோதிய லீக்கில் இரண்டு நம்முடையவை: மதுரை சேது எஃப்.சி., கடலூர் இந்திரா காந்தி அகாடமி. அதே ஆண்டு, அதே கட்டாக்கில், பட்டங்களைக் குவித்து வைத்திருந்த மணிப்பூரை 2-1 என வீழ்த்தித் தமிழ்நாடு முதல் தேசியப் பட்டம் வென்றது. 2019-இல் லூதியானாவில் சேது லீக் கோப்பையையே தூக்கியது.

அந்தக் கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். காவல்துறையில் உதவி ஆய்வாளர். கடலூரும் எக்கியார்குப்பமும் ஒரே கரைதான். 2004 சுனாமி இரண்டையும் அடித்தது. கடலூரில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இருந்தார்கள், ஆட மைதானம் இருந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியவை அந்த இரண்டும்தான் என்பேன்; திறமை எந்தக் குப்பத்திலும் கிடைக்கும். மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குப் புல்தரை ஒரு பொருட்டா?

கல்லூரி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களை நிரப்பும்போது மரக்காணம் பக்கமும் வாருங்கள். உப்பளத்துக்கும் வலைக்கும் போகிற வீடுகளில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பயிற்சியாளரையும், மாலையில் ஆட ஒரு திடலையும் தாருங்கள்.