கூடாரம் தைத்த குடும்பம்

ஊரிலிருந்து வந்த மைத்துனர் பத்து நாளுக்கு மேல் தங்கிவிட்டால், "நம் வீட்டிலேயே டேரா போட்டுவிட்டார்" என்று அலுத்துக்கொள்கிறோம். டேரா என்பது இந்திக்காரர்களின் சொல். கூடாரம் என்று பொருள். பழைய மனிதர்கள் சொல்லும் ராவுட்டியும் கூடாரந்தான். டார்ப்பாலின் என்ற ஆங்கிலச் சொல்லை நம்மவர்கள் தார் பூசிய பாய் என்று பொருள்படும்படி தார்ப்பாய் ஆக்கிக்கொண்டது ஒரு தனி அழகு. சங்க காலத்து முல்லைப்பாட்டிலேயே அரசன் பாசறையும் அதில் கயிறு கட்டி நிறுத்திய கூடாரங்களும் வருகின்றன. வீட்டை விட்டுக் கிளம்பிய மனிதனுக்கு முதல் வீடு துணியால்தான் ஆகியிருக்கிறது. நம்மைப் போல் பிழைப்புக்காக வடக்கே வந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் சொல்ல வந்தது கான்பூரில் எனக்கு நாற்பது ஆண்டுகளாகப் பழக்கமான ஒரு கூடாரக் குடும்பத்தைப் பற்றி. பெயர்கள் வேண்டாம் என்று வீட்டார் கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நம் சங்கத்தின் ராமநவமிக்கும் ராதா கல்யாணத்துக்கும் ஷாமியானா அனுப்பியவர்கள் என்றால் உள்ளூர் அன்பர்களுக்குப் புரிந்துவிடும்.

கான்பூரில் கூடாரத் தொழில் வளர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 1859-ல் அலகாபாத்திலிருந்து ரயில் பாதை இங்கே வந்தது. 1864-ல் எல்ஜின் மில்லும் 1874-ல் மியூர் மில்லும் தோன்றின. சுற்றிலும் பருத்தி, பக்கத்திலேயே பெரிய ராணுவக் கண்டோன்மென்ட். ராணுவத்துக்குக் குதிரைச் சேணம், பூட்ஸ், கூடாரம் மூன்றும் ஓயாமல் வேண்டும். தோல் வேலையும் கித்தான் வேலையும் இந்த ஊரில் ஒன்றாகவே வளர்ந்தன. அந்தக் காலத்தில் ராணுவக் கூடாரங்களுக்கு எடையை வைத்தே பெயர். 40 பவுண்டர், 80 பவுண்டர் என்பார்கள். எவ்வளவு பெரியது என்பதைவிட, கோவேறு கழுதை எத்தனை சுமக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

கூடாரம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். அக்பர் காலத்தில் ஃபராஷ்கானா என்று ஓர் இலாகாவே இருந்தது. அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில், பத்தாயிரம் பேர் நிற்கக்கூடிய தர்பார் கூடாரத்தை ஆயிரம் ஃபராஷ்கள் ஒரு வாரம் உழைத்து நிறுத்தினார்கள் என்று கணக்கு இருக்கிறது. அவுரங்கசீப்புடன் காஷ்மீர் யாத்திரை போன பிரெஞ்சு வைத்தியர் பெர்னியர், அரசனுக்கு இரண்டு முழுத் தொகுதிக் கூடாரங்கள் உண்டு என்கிறார். ஒன்றில் அரசன் தங்கியிருக்கும்போதே மற்றொன்று அடுத்த ஊரில் எழுந்து நிற்கும். டில்லி ஆபீசுகளில் வேலை பார்த்த அன்பர்களுக்கு ஃபராஷ் என்ற கடைநிலை உத்தியோகம் நினைவிருக்கும். அந்தப் பெயர் வந்த வழி இதுதான். எங்கள் ரயில்வேயின் கலாசியும் அப்படியே. அந்தச் சொல்லுக்குக் கூடாரம் அடிப்பவன் என்றும் ஒரு பொருள் உண்டு. சர்வே பார்ட்டிகளில் கூடாரம் அடிப்பவனே செயின் பிடிக்கவும் ஸ்டாஃப் பிடிக்கவும் போனதால் பெயர் நிலைத்துவிட்டது.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். திப்பு சுல்தானுடைய பூப்போட்ட சீட்டித் துணிக் கூடாரம், 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, அப்போது சென்னை கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ் கைக்குப் போயிற்று. இன்று அது வேல்ஸில் பவிஸ் கோட்டையில் இருக்கிறது. திருச்சியில் ரயில்வே டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் டூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சினிமா காட்டினார். டெண்ட் கொட்டகை என்று நாம் சொல்வதன் ஆரம்பம் அது. ரயில்வேக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

விஷயத்துக்கு வருகிறேன். 1984 மழைக்காலத்தில் கங்கைக்கு அப்பால் உன்னாவ் பக்கம் தண்டவாளம் மாற்றும் வேலை. கேங்மேன்கள் பாதை ஓரத்திலேயே கூடாரத்தில் தங்கியிருந்தார்கள். இரண்டு மழைக்குள் பாதிக் கூடாரங்களின் ஓர வளையங்கள் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டன. பழுது பார்க்க பரேட் பக்கத்துச் சந்து ஒன்றில் இருந்த இந்தக் கடைக்கு அனுப்பினார்கள். கடைக்காரருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நான் 'சாச்சா' என்று கூப்பிட ஆரம்பித்தது பிறகு. அவர் எனக்கு வைத்த பெயர் 'இன்ஜினியர் பாபு'. டிப்ளமாக்காரனை இன்ஜினியர் என்று முதலில் அழைத்தவர் அவர்தான்.

கிழிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "துணி மேல் குற்றமில்லை பாபு. ராத்திரி கயிற்றைத் தளர்த்தவில்லை" என்றார். பருத்திக் கயிறும் சணல் கயிறும் நனைந்தால் தடிக்கும், நீளம் குறையும். மாலையில் விறைப்பாகக் கட்டிய கயிறு, மழை வந்ததும் தானே இழுத்து, முளையைப் பிடுங்கும் அல்லது வளையத்தைப் பிய்க்கும். மேகம் கறுத்தால் ஒவ்வொரு கயிற்றையும் கொஞ்சம் நெகிழ்த்திவிட வேண்டும். அன்றிலிருந்து எங்கள் கேங்கில் மேட்டுக்கு அது ஒரு வேலையாயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் போய் உட்காருவது எனக்கு வழக்கமாகிவிட்டது. கூடாரம் தைப்பது சட்டை தைப்பது போன்றதல்ல. துணிதான் அங்கே உத்தரமும் கூரையும். இரண்டு துண்டுகளின் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்துக் கொக்கி போல் மாட்டி, இரண்டு வரி தையல் போடுவார்கள். நூலில் தேன்மெழுகு இழுத்திருக்கும். கம்பம் தாங்கும் இடத்தில் நாலைந்து மடிப்புக் கித்தான், அதன் மேல் தோல். ஓர மடிப்புக்குள் கயிறு வைத்துத் தைப்பார்கள். இழுவிசை துணியில் இறங்காமல் கயிற்றோடு போய்விடும். நம் நாட்டுக் கூடாரத்துக்கு இரண்டு கூரை. நடுவில் ஒரு சாணோ ஒரு முழமோ இடைவெளி. வெளிக்கூரை வெயிலை வாங்கிக்கொள்ளும், நடுவில் காற்று ஓடும், உள்கூரை நிழல் தரும். மே மாதக் கான்பூர் வெயிலில் தகரக் கொட்டகையில் இருந்துவிட்டு அதற்குள் நுழைந்தால் அருமை தெரியும்.

எனக்கு வியப்பாக இருந்தது அவர் முகட்டை வெட்டும் விதம். முகட்டுக் கோடு நேராக இருந்தால், கட்டியதும் நடுவில் தொய்ந்து பக்கமெல்லாம் சுருக்கம் விழும். ஆகவே முகட்டையே லேசான வளைவாக வெட்ட வேண்டும். சாச்சா சுவரில் இரண்டு ஆணி அடித்து, நனைத்த கயிறு ஒன்றை அவற்றுக்கிடையே தொங்கவிட்டு, அது விழும் வளைவைக் கரியால் வரைந்துகொள்வார். நாங்கள் பாலிடெக்னிக்கில் கேட்டனரி என்று படித்தது அதுதான். கான்பூர் பாதையில் மின்சார வண்டிக்கு மேலே போகும் கம்பிக்கும் அதே பெயர். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போனவரில்லை. தாத்தா அப்படிச் செய்தார் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அந்தத் தாத்தா மியூர் மில் கூடாரப் பிரிவில் தையல்காரராக இருந்தவர். அப்பா இரண்டாம் உலகப் போர் காலத்தில் ராணுவ ஆர்டருக்குக் கூலிக்குத் தைத்து, போர் முடிந்ததும் ஒரு பழைய சிங்கர் மெஷினோடு தனிக்கடை வைத்தார். 1947-ல் குருக்ஷேத்திரத்தில் அகதிகளுக்காகக் கூடார நகரமே எழுந்தபோது, இரவும் பகலும் தைத்ததாக வீட்டில் பேச்சு உண்டு. தங்கள் சொந்தக்காரர்களில் பாதிப்பேர் எதிர்த் திசையில் போய்க்கொண்டிருந்த மாதங்கள் அவை என்பதையும் சாச்சா ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தண்ணீர் புகாமல் இருக்க மில்லில் தாமிர உப்பும் மெழுகும் ஏற்றுவார்கள். பச்சைக் கித்தானின் பச்சை பெரும்பாலும் தாமிரம் தந்தது. கடையில் செய்தது எளிய வழி. துணியைச் சோப்புக் கரைசலில் தோய்த்துக் காயவைத்து, பிறகு படிக்காரத் தண்ணீரில் தோய்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து நீரில் கரையாத ஒரு பூச்சு இழைகளில் படிந்துவிடும். நல்ல கித்தானுக்குத் தனக்கே ஒரு குணமும் உண்டு. நனைந்ததும் நூல் உப்பி இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். ஆனால் மழை பெய்யும்போது உள்ளேயிருந்து விரலால் தொட்டால், தொட்ட இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும். குழந்தைகள் இருக்கும் கூடாரம் ஒழுகாமல் இருந்ததில்லை என்பார் சாச்சா.

மில்கள் நொடித்தபோது கடைக்கும் அடி விழுந்தது. நல்ல கித்தான் உள்ளூரில் கிடைக்கவில்லை. கல்யாணக்காரர்கள் இரும்புச் சட்டமும் பாலியெஸ்டர் ஜரிகைத் துணியும் கேட்டார்கள். மகன் அந்தப் பக்கம் போனான். அவன் மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரும்புச் சட்டத்தை நான்கு பேர் இரண்டு மணி நேரத்தில் நிறுத்துகிறார்கள், வாடகை மூன்று பங்கு. கித்தான் ஷாமியானா கிடங்கில் மேலடுக்குக்குப் போயிற்று.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஏப்ரல், மே முகூர்த்தங்கள் ஒன்றுகூட நடக்கவில்லை. கிடங்கு பூட்டியே கிடந்தது. பருத்திக்குப் பெரிய எதிரி பூஞ்சணம். ஈரத்தோடு மடித்து வைத்த கித்தானில் முதலில் கரும்புள்ளி, பிறகு ஒரு வாசனை, பிறகு பழைய காகிதம் போல் கையோடு வரும். ஆகஸ்டில் பூட்டைத் திறந்தபோது கூரை ஒழுகி மூன்றில் ஒரு பங்கு போய்விட்டிருந்தது. மகன் மொத்தத்தையும் எடைக்குப் போட்டுவிடலாம் என்றான். கடன் தவணை நின்றிருந்தது, ஆட்களுக்குச் சம்பளம் பாக்கி. அவன் சொன்னதில் கணக்குத் தப்பில்லை.

சாச்சா மறுத்துவிட்டார். எழுபத்தேழு வயதில், மழை விட்ட ஒவ்வொரு பகலும், பேத்தியையும் பழைய கலாசி ஒருவரையும் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் ஒவ்வொன்றாக விரித்து உலர்த்தினார். கெட்டதை வெட்டி நல்லதோடு நல்லது ஒட்டினார். பதினோரு கூடாரம் ஐந்தாயிற்று. 2021 ஏப்ரலில் எங்கள் காலனியில் தடுப்பூசிக்கு வரிசை வெயிலில் நின்றபோது, அந்த ஐந்தில் ஒரு ஷாமியானாவைக் கேட்காமலே அனுப்பினார். வாடகை என்று நீட்டியதை வாங்கவில்லை.

அந்த மாடியில்தான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தக் கூடாரங்களுக்கு எழுத்தில் ஒரு வரியும் கிடையாது. எல்லா அளவும் ஒரு கஜக்கோலில் வெட்டிய குறிகளிலும் சாச்சாவின் கையிலும் இருந்தன. நான் ரிடையர் ஆகி இரண்டு வருஷம், பொழுது நிறைய. டேப்பும் கிராஃப் ஷீட்டும் எடுத்துக்கொண்டு போனேன். சாச்சா சொல்லச் சொல்லப் பேத்தி அளந்தாள், நான் வரைந்தேன். "உயிரோடு இருக்கும்போதே கஃபனுக்கு அளவா பாபு?" என்று சிரித்தார். ஸ்விஸ் காட்டேஜ், சோல்தாரி, ஷாமியானா, கனாத் எல்லாம் சேர்த்துப் பதினான்கு வரைபடங்கள் ஆயின. முகட்டு வளைவுக்கு மட்டும் எண் எழுத விடவில்லை. கயிற்றைத் தொங்கவிட்டுப் பார், கம்பத்துக்குக் கம்பம் மாறும் என்றார். வரைபடத்தில் அந்த இடத்தில் இரண்டு ஆணியும் ஒரு கயிறும் போட்டிருக்கிறேன்.

2022 குளிர்காலத்தில் அவர் காலமானார். பேத்தி பி.காம். முடித்துவிட்டு, லாரி தார்ப்பாய் பழுது, கித்தான் பை என்று சின்னதாக வேலை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் இரும்புச் சட்ட வியாபாரத்துக்குக் கணக்கும் அவளே. சென்ற ஆண்டு, வரைபடத்தை வைத்து அவளாகவே வெட்டி ஒரு ஸ்விஸ் காட்டேஜ் தைத்தாள். தாத்தாவின் சிங்கர் மெஷின்தான். நானும் போய்ப் பார்த்தேன். நான்கு பக்கமும் கயிறு இழுத்து நிறுத்தியதும் கூரையில் ஒரு சுருக்கம் இல்லை. அவள் அப்பா ஒன்றும் சொல்லாமல் இரண்டு முறை சுற்றி வந்தார். மூன்றாவது முறை ஒரு முளையைத் தானே குனிந்து தட்டினார்.

வரும் பொங்கல் விழாவுக்குச் சங்க மைதானத்தில் அந்தக் கூடாரத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கிறோம், வாடகை கொடுத்துத்தான். சிற்றுண்டி அங்கேதான். குடும்பத்தோடு வருகிறவர்கள் உள்ளே வந்து தலை நிமிர்ந்து முகட்டைப் பாருங்கள். தை மாதத்தில் இங்கே ஒரு தூறலாவது போடும். அப்போது பிள்ளைகளைக் கூரையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.