பொழுதுபோக்கா, பிழைப்பா? - 6
தபால் இலாகாவில் ஒரு நாவலாசிரியர்

சென்ற வாரம் நாம் கண்ட பால் கொகான், பாரிஸ் பங்குச் சந்தையில் பொருளீட்டிக்கொண்டே ஓய்வு நாட்களில் சித்திரம் தீட்டி வந்து, 1882-இல் சந்தை சரிந்ததை அடுத்துத் தூரிகையே கதியென்று இறங்கியவர். அவருடைய துணிச்சலை உலகம் இன்று கொண்டாடுகிறது. ஆனால் அதற்குரிய விலையில் பெரும்பங்கைக் கொடுத்தவர், கோபன்ஹேகனில் பிரெஞ்சுப் பாடம் சொல்லிக்கொடுத்து ஐந்து குழந்தைகளையும் காப்பாற்றப் பாடுபட்ட அவர் மனைவியார் மெட்டே என்பதைப் பலரும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

இவ்வாரம் நாம் சந்திக்கும் ஆந்தனி ட்ரோலப் இதற்கு நேர்மாறான பிரகிருதி. 1834-இல், பத்தொன்பது வயதில், லண்டன் தபால் இலாகாவில் ஆண்டுக்கு 90 பவுன் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். தகப்பனார் வக்கீல் தொழிலிலும் விவசாயத்திலும் நொடித்து, கடன்காரர்களுக்கு அஞ்சி பெல்ஜியத்துக்கு ஓடிப்போனார்; தாயாரோ ஐம்பது வயதுக்கு மேல் பேனா பிடித்து, நோயில் கிடந்த மக்களுக்குப் பணிவிடை செய்துகொண்டே புத்தகங்கள் எழுதிக் குடும்பத்தைத் தாங்கினார். ஆகவே எழுத்து சோறு போடும் என்பதையும், கையில் காசில்லாத வீடு எந்தக் கதிக்கு ஆளாகும் என்பதையும் இளமையிலேயே ஒருங்கே கண்டவர் அவர்.

முதல் நாவல் 1847-இல் வெளிவந்தது; அதனால் காலணா லாபமில்லை. 1855-இல் வெளியான ‘தி வார்டன்’ என்னும் நாவலுக்கு அவ்வாண்டு முடிவில் கைக்கு வந்த தொகை 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ். இத்தனைக்கும் அவர் உத்தியோகத்தைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. காப்பியுடன் தம்மை எழுப்புவதற்கென்றே குதிரைக்காரக் கிழவனுக்கு ஆண்டுக்கு 5 பவுன் தனியாகக் கொடுத்து, காலை ஐந்தரை மணிக்கெல்லாம் மேஜையில் அமர்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால்மணிக்கு 250 வார்த்தைகள் வீதம் எழுதிவிட்டு, அதன் பிறகே காரியாலயத்துக்குப் புறப்படுவார். ரயிலில் பிரயாணம் செய்யும் நாட்களில் மடியில் பலகையை வைத்துப் பென்சிலால் எழுதியதை மனைவியார் ரோஸ் பிரதி எடுத்துக் கொடுப்பார். கலையை மளிகைக் கணக்காக்கிவிட்டார் என்று பின்னாளில் விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ அந்தக் கணக்கின் மேல் மதிப்புத்தான் உண்டாகிறது.

அந்த உத்தியோகம் அவருக்குச் சம்பளத்தோடு கதைகளையும் கொடுத்தது. கிராமங்களுக்குத் தபால் வழி வகுப்பதற்காகக் குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றியவருக்கு, பாதிரிமார், பண்ணையார், குடியானவர் ஆகிய சகலரின் வீட்டு வாசலும் பரிச்சயமாயிற்று. ‘தி வார்டன்’ கதையே அப்படிப்பட்ட சுற்றுப்பிரயாணத்தில், சாலிஸ்பரி தேவாலயத்தருகே உலாவியபோது தோன்றியதுதான். வேலையை விட்டால் அனுபவம் பெருகும் என்று எண்ணுகிறவர்கள், வேலையினாலேயே கிடைக்கும் அனுபவம் எவ்வளவு என்பதையும் சற்று யோசிக்க வேண்டும்.

1867-இல், ஐம்பத்திரண்டாவது வயதில், அவர் ராஜினாமா செய்தார். மேல் பதவி தமக்குக் கிட்டாமற்போன மனக்கசப்பும் இருந்தது. அறுபது வயதுக்கு முன் விலகினால் பென்ஷன் கிடையாது. ஆயினும் பென்ஷனாக எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவு வருமானம் தரக்கூடிய தொகையை எழுத்தினாலேயே சேமித்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் விலகினார். விலகிய பின்னரும் நாவல்கள் முன்போலவே வந்துகொண்டிருந்தன. அவருடைய சிறந்த நூல்களில் ‘தி லாஸ்ட் கிரானிகிள் ஆஃப் பார்செட்’ உத்தியோகத்தில் இருந்தபோது எழுதியது, ‘தி வே வி லிவ் நௌ’ விலகிய பின் எழுதியது. ஆகையால் ஓய்வுதான் கலையை வளர்க்கும் என்றோ, அடிமைத்தளை அதைக் கெடுக்கும் என்றோ இவரைச் சாட்சி வைத்து வாதிக்க இயலாது.

வாசக நண்பர்களில் எவரேனும் ராஜினாமாக் கடிதத்தை எழுதி மேஜைக்குள் வைத்திருந்தால், வேலை போனால் வீட்டுக்கு மாதந்தோறும் எவ்வளவு குறையும், உங்கள் கலை இதுவரை எவ்வளவு ஈட்டியிருக்கிறது என்னும் இரண்டு தொகைகளையும் ஒரு தாளில் எழுதி, வீட்டாரிடம் காட்டிவிட்டு, அதன் பிறகு அக்கடிதத்தைத் தபாலில் சேருங்கள்.

(தொடரும்)