டர்போ காருக்கு எந்த ஃப்யூயல் பம்ப்? எக்ஸெல்லில் கணக்குப் போடலாம்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எக்ஸெல்லைத் திறந்து, கட்டம் கட்டமாக இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிவிடுபவர்களே அதிகம். வீட்டுச் செலவு எழுத மட்டும்தான் அது என்று நினைக்க வேண்டாம். எங்கள் சோமனூர் பக்கம் டர்போ கார் வைத்திருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "பவர் ஏற்றப் போகிறேன், எந்த ஃப்யூயல் பம்ப் போடலாம்?" கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதாலோ என்னவோ, நம் ஊர்ப் பையன்களுக்கு இந்த ஆசை கொஞ்சம் அதிகம். இதற்கான விடையை ஆறே செல்களில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் விஷயத்தைப் புரிந்துகொள்வோம். சைலன்சர் வழியாக வீணாகப் போகும் புகையைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. காற்று கூடினால் பெட்ரோலும் அதே விகிதத்தில் கூட வேண்டும். பெட்ரோல் போதாமல் போனால் கலவை மெலிந்து, சூடு ஏறி, இன்ஜின் 'நாக்' அடிக்கும். முழு வேகத்தில் சில நொடிகள் அப்படி ஓடினாலே பிஸ்டன் உருகி ஓட்டை விழலாம். சில ஆயிரம் ரூபாய் பம்ப் விஷயத்தில் ஏமாந்தால், செலவு லட்சத்தில் போய் நிற்கும்.

2010-ல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் லீனியா டி-ஜெட் காரை எடுத்துக்கொள்வோம். 1.4 லிட்டர் டர்போ இன்ஜின், 114 குதிரைத்திறன். அதே இன்ஜின் குடும்பம் 2015-ல் அபார்த் புன்டோவில் 145 குதிரைத்திறனுடன் வந்தது. ஃபியட் கார்கள் இப்போது இங்கே விற்பனையில் இல்லை. ஆனாலும் பழைய டி-ஜெட்டை வாங்கி மெருகேற்றுபவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் 180 குதிரைத்திறன் வேண்டும் என்கிறார் என வைத்துக்கொள்வோம்.

எக்ஸெல்லைத் திறக்கவும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். பி1 செல்லில் 180 என டைப் செய்யவும். பி2-ல் 0.27, ஒரு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தர டர்போ பெட்ரோல் இன்ஜினுக்குச் சுமார் 270 கிராம் பெட்ரோல் தேவை என்பது அதன் பொருள். பி3-ல் 0.75, இது ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை, கிலோவில். பி4-ல் 1.07 போடவும். இது ஏன்? 2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பி5-ல் 1.25; பம்ப் பழசானாலும் தாங்க வேண்டிய கையிருப்பு இது.

இனி பி6-ல் =பி1*பி2/பி3*பி4*பி5 என்று டைப் செய்து என்டர் தட்டவும். 'பி' என்பதை ஆங்கில எழுத்தாகவே அடிக்க வேண்டும். விடை 86.67. அதாவது மணிக்குச் சுமார் 87 லிட்டர். பி1-ல் 145 என்று மாற்றிப் பாருங்கள். விடை தானாகவே 69.8 ஆகிவிடும். எக்ஸெல்லின் அழகே இதுதான்.

87 லிட்டர் போதுமென்றால், கடையில் ஏன் 255 லிட்டர் பம்பை நீட்டுகிறார்கள்? இங்கேதான் கவனம் வேண்டும். போர்வெல் மோட்டார் வாங்கப் போனால் கோவைக் கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை அடி ஆழம்?" என்றுதான். 300 அடியில் நிறையத் தண்ணீர் தள்ளும் மோட்டார் 500 அடியில் பாதிகூடத் தள்ளாது. ஃப்யூயல் பம்பும் அப்படித்தான். அழுத்தம் ஏற ஏற அளவு குறையும். பெட்டியில் உள்ள எண் ஏதோ ஒரு அழுத்தத்தில், பெரும்பாலும் 13.5 வோல்ட்டில் அளந்தது. இன்ஜெக்டர் லைனில் 3 பார் அழுத்தம் இருந்து, டர்போ 1 பார் தள்ளினால், பம்ப் 4 பாரை எதிர்த்துத் தள்ள வேண்டும். எனவே 4 பாரில் எத்தனை லிட்டர் என்று பம்பின் வரைபடத்தைக் கேளுங்கள். வரைபடமே இல்லை என்றால் அந்தப் பம்ப் வேண்டாம். பிரபல பம்ப்களில் போலிகளும் நிறைய உலவுகின்றன. தேவைக்கு மிக அதிகமான பம்பும் நல்லதல்ல. மிச்சப் பெட்ரோல் சுற்றிச் சுற்றி வந்து சூடாகும், ரிட்டர்ன் லைன் சிறியதாக இருந்தால் அழுத்தமும் எகிறும்.

என்னைக் கேட்டால், வாங்குவதற்கு முன் பழைய பம்பைச் சோதித்துவிடுவேன். பல நேரம் அதுவே போதுமானதாக இருக்கும். அடைத்த ஃபில்டரும் மெலிந்த ஒயரும்தான் குற்றவாளிகள். பம்ப் முனையில் 12 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் புது ரிலேயும் தடித்த ஒயரும் போட்டுப் பாருங்கள். ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் மூலம் பதிவான விவரங்களை எக்ஸெல்லில் திறந்து கிராஃப் போடலாம். ஆனால் முழு ஆக்ஸிலரேட்டரில் ஃப்யூயல் ட்ரிம் எண்களை நம்பக் கூடாது. அதற்கு வைட்பேண்ட் சென்சார் வேண்டும். ஆர்பிஎம் ஏறும்போது கலவை மெலிந்துகொண்டே போனால் பம்பையும் ஃபில்டரையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

போலோ 1.0 டிஎஸ்ஐ போன்ற நேரடி இன்ஜெக்ஷன் கார்களில் இந்தக் கணக்கு பாதிதான் உதவும். டேங்க் பம்ப் தருவதை இன்ஜினில் உள்ள இன்னொரு உயர் அழுத்தப் பம்ப் வாங்கித் தள்ளுகிறது. அதற்கும் தனியே ஒரு எல்லை உண்டு.

பம்பை மட்டும் மாற்றினால் ஒரு குதிரைத்திறன்கூடக் கூடாது. இன்ஜெக்டரும் இசியு ப்ரோகிராமும் சேர்ந்து மாற வேண்டும். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு தடுக்கிறது. வாரண்டி, இன்சூரன்ஸ் நிலையையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். டேங்க்கைத் திறக்கும் வேலையை வீட்டில் செய்ய வேண்டாம். மெக்கானிக்கிடம் விட்டாலும், பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிய பிறகே ஆரம்பிக்கச் சொல்லவும்.