பிள்ளையிடம் போலீஸ் விசாரணையா? பதறாதீர்கள்!

"பையனைக் கூட்டிக்கிட்டு ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க." இப்படி ஒரு போன் வந்தால், அறந்தாங்கியோ ஆலங்குடியோ, எந்த வீடும் ஆடித்தான் போகும். அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டுவார். பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். கொஞ்சம் பொறுங்கள்!

சாட்சி சொல்வதற்காக 15 வயதுக்கு உட்பட்ட பையனையோ, எந்த வயதுப் பெண்ணையோ ஸ்டேஷனுக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தொடர்கிறது. நீங்களாக விரும்பினால் போகலாம், அவ்வளவுதான். "வீட்டுக்கு வாங்க சார், எல்லாத்துக்கும் பதில் சொல்றோம்" என்று தன்மையாகவே சொல்லுங்கள்.

பாலியல் தொந்தரவு பற்றிய புகார் என்றால் 2012-ம் வருட போக்ஸோ சட்டம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை, சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். காக்கி உடை கூடாது. பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கண்ணில் படவே கூடாது. இரவில் ஸ்டேஷனில் தங்க வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும்.

இதெல்லாம் போலீஸுக்கு. வீட்டில் நாம் நடத்தும் விசாரணை இருக்கிறதே, பல சமயம் அதுதான் மோசம்! காலையில் அம்மா, மத்தியானம் அத்தை, ராத்திரி தாத்தா. "அவன்தானே தொட்டான்? நல்லா யோசிச்சுச் சொல்லு." திரும்பத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்னது தப்போ என்று குழந்தை பதிலை மாற்றும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வதும் அந்த மாற்றத்தைத்தான். அது தானாகச் சொன்னதை, அதே வார்த்தைகளில், தேதி நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிறகு கேட்காதீர்கள். விசாரணைக்குப் பிறகு தூக்கம் கெடுவது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது, இவை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல டாக்டரிடம் காட்டுங்கள். அதட்டினால் சரியாகாது.

போலீஸ் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்றால்? ஸ்டேஷன் வாசலில் சத்தம் போட்டுப் பயனில்லை. எந்தத் தேதி, எத்தனை மணி, யார் கேட்டார், என்ன கேட்டார், யூனிஃபார்மில் இருந்தாரா என்று எழுதி மாவட்ட எஸ்.பி.க்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். குழந்தைகள் நலக் குழுவுக்கும் ஒரு பிரதி போகட்டும். போக்ஸோ புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவுக்கு போலீஸே தெரிவித்தாக வேண்டும். வழக்கு முடியும்வரை குழந்தைக்குத் துணையாக ஒருவரை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். போக்ஸோ புகாரைப் பதிவு செய்ய மறுப்பதே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குக் குழந்தையை மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அங்கே கேமராக்கள் நிற்கும். குழந்தையின் அடையாளம் வெளியே தெரியவே கூடாது.

நம் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே, பெற்றோரின் ஆட்சேபம் நீதிமன்றம் வரை போனதுண்டு. 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே வந்தது. அந்த வழக்கில் 2023 ஜூலையில் நான்கு சிறுவர்களுக்கு டி.என்.ஏ. பரிசோதனை செய்ய சி.பி.சி.ஐ.டி. அனுமதி கேட்டது. பெற்றோர் மறுப்புத் தெரிவித்தார்கள். நீதிமன்றம் பரிசோதனைக்கு அனுமதி கொடுத்துவிட்டது. பெற்றோர் விரும்பிய முடிவு இல்லைதான். ஆனாலும், பிள்ளைகளின் உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கலாமா என்பதை விசாரணை அதிகாரி தானாக முடிவு செய்யவில்லை. ஒரு நீதிபதி முடிவு செய்தார்.

உங்கள் பிள்ளை மீதே புகார் என்றால் கதை வேறு. 18 வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கவோ, விலங்கு மாட்டவோ கூடாது. உங்களுக்குத் தகவல் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன் நிறுத்த வேண்டும். தாமதமானால் நேரத்தைக் குறித்துக்கொண்டு 1098-க்குப் போன் போடுங்கள். காசு கிடையாது, நடுராத்திரியிலும் எடுப்பார்கள்.